பேச ஆளில்லாத வியாதி

ராஜகீழ்ப்பாக்கம்,
14-8-1993

மதிப்பிற்குரிய மச்சான் பொன்னுரங்கம் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் ஏகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத மனம் வரவில்லை, ஆகையால் தங்கள் தங்கை புஷ்பம் மட்டும் நலம் என்று அறியவும்.

நான் ரிட்டையர் ஆகி ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் நெஞ்சில் கல்லை வைத்தாற்போல் கனத்தது. தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ஈசிஜி, சுகர், பிரஷர் எல்லாம் நார்மல். சந்தோஷமாக எழுந்தால், "உட்காருங்க சார். உடம்பு மட்டும் நல்லா இருந்தா போதாது. இந்த வாரம் எத்தனை பேர்கிட்ட பேசினீங்க?" என்கிறார். யோசித்தேன். புஷ்பம், பால்காரர், அப்புறம் பஸ் கண்டக்டரிடம் "சில்லறை இல்ல". அவ்வளவுதான் மச்சான். "இதுவும் வியாதிதான், இதுக்கு மாத்திரை கிடையாது"ன்னுட்டாங்க. மாத்திரையே இல்லாத வியாதின்னா என்ன அர்த்தம்? எனக்கு அங்கேயே வேர்த்துவிட்டது.

உயிராச்சேன்னு அன்னிக்குச் சாயங்காலமே பேசக் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் ஒருத்தரை "சௌக்கியமா?"ன்னு கேட்டேன், அவர் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு தள்ளிப் போய் நின்னுட்டார். அடுத்து பக்கத்து வீட்டு சவுரிமுத்து. திருமுடிவாக்கத்துல லேத் பட்டறை வச்சிருக்கார், ஆறு வருஷத்துல ஒரு வார்த்தை பேசினதில்லை. கேட்டைத் தட்டினதும் முகம் வெளுத்துப் போய், "இன்னா சார், வூட்ல யாருக்கு இன்னா ஆச்சு?"ன்னார். "ஒண்ணும் ஆகலை, சும்மா பேசலாம்னு." "சும்மாவா!" அவ்வளவுதான், என் கையைப் பிடிச்சு வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டு, புஷ்பத்துக்கிட்ட, "அக்கா, சாரைத் தனியா வுடாதீங்க"ன்னு ரகசியமா சொன்னது எனக்கே கேட்டுது. மறுநாளே இவ பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிட்டா. நான் குளிக்கும்போது வெளியே நின்னு நிமிஷத்துக்கு ஒரு தரம் "இருக்கீங்களா?"ங்கறா. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ராத்திரி நாடியை நானே பிடிச்சுப் பார்க்கறேன், சில சமயம் கிடைக்கமாட்டேங்குது. மச்சான், தயவுசெய்து இதைக் கண்டதும் புறப்பட்டு வாங்க. பயமா இருக்கு.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். இதுவே கடைசியாக இருக்கலாம், ஆகையால் தீபாவளிக்கு உண்டானதையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
இதுவரை இருக்கும்,
ஏகநாதன்

பி.கு.: கவரை ஒட்டும்போது சவுரிமுத்து சம்சாரத்தோடு வந்தார். "கோச்சிக்காதீங்க சார், நீங்க சிஐடின்னு ஆறு வருஷமா பயந்துகினு இருந்தேன்"ன்னார். நான் கோஆப்டெக்ஸ் வேட்டி கட்டிக்கிட்டு முறைச்சு முறைச்சுப் பார்ப்பேனாம். கண்ணாடி பவர் போதலை ஐயா என்றேன். சிரிச்ச சிரிப்பில் புஷ்பத்துக்குப் புரையேறிடுச்சு. நீங்கள் வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் வண்டலூருக்கு மிருகம் பார்க்கப் போகிறோம். வந்தால் வீடு பூட்டியிருக்கும்.