ஆய்வுக்கு உட்படாத கண்

பாகூர் வட்டாரத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களின் கண்ணில் ஏன் தண்ணீர் வழிகிறது, வழிந்தால் என்ன செய்யலாம் என்பதை அறிவியல்பூர்வமாகக் கண்டறிவது என்று ஒரு கண் ஆராய்ச்சி மையம் தீர்மானித்தது. மையத்தின் பெயர் வேண்டாம். நமக்கும் வயதாகும். நாமும் ஒருநாள் அங்கே போய் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

ஆய்வுக்கு வைத்த பெயர் "முதுமைசார் கண் கோளாறுகளும் கண்ணீர்ப்பாதை அடைப்பும்: அறுவை மற்றும் கண்காணிப்பு முறைகளின் ஒப்பீடு". பேனரில் இந்தப் பெயர் கொள்ளவில்லை. "ஒப்பீ" என்பதோடு துணி தீர்ந்துபோனது.

செல்வகுமாரிக்கு ஒப்பீடும் தேவையில்லை, ஒப்பீயும் தேவையில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பஜ்ஜிக் கடை போட்டிருந்த அவளுக்கு இரண்டு வருஷமாக இடது கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. ஒரு கையில் ஜல்லிக்கரண்டி, ஒரு கையில் முந்தானை. துடைத்து நிமிர்வதற்குள் அடுத்த சொட்டு தாடைக்கு வந்துவிடும். முதலில் ஜனங்கள் வெங்காயம் என்று நினைத்தார்கள். வாழைக்காய்க்கும் அழுவதைப் பார்த்ததும் வீட்டுக்காரர் பக்கிரி அடிக்கிறார் போல என்று நினைத்தார்கள். கடைசியில் எண்ணெய்ச் சட்டியையும் அவள் தாடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று போக ஆரம்பித்தார்கள். வராத பஸ்ஸுக்கெல்லாம் போனார்கள்.

பக்கத்து டீக்கடை கௌஸ் பாஷாதான் உண்மையைச் சொன்னார்.

"யக்கா, உன் பஜ்ஜியில உப்பு சரியாத்தான் கீது. அது எந்த உப்புன்னுதான் ஜனங்க கேக்குறாங்க."

அண்டாவில் மாவு கரைத்தவள் சொம்பில் கரைக்கும் நிலைக்கு வந்துவிட்டாள். இந்தக் கண் காயாவிட்டால் கடை இல்லை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதனால்தான் முகாம் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றாள். உண்மை வயது ஐம்பத்தேழு. ஆதாரில் அறுபத்திரண்டு. ஆதார் எடுக்க வந்தவர் வயதைக் கேட்காமல் முகத்தைப் பார்த்துப் போட்டது அது. அன்றைக்கு அதற்காக அவரைத் திட்டித் தீர்த்தவள், இன்றைக்கு மனசுக்குள் கும்பிட்டாள்.

களப்பணியாளர் சரண்யா டேப்லெட்டை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"எந்தக் கண்ணுல தண்ணி வருதும்மா?"

"இதுல" என்று செல்வகுமாரி இடது கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

அந்தக் கண் சரண்யாவின் வலது கைப் பக்கம் இருந்தது. அவள் "வலது" என்று தட்டினாள். அவள்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இடம் வலம் மாறும் என்பது பயிற்சி வகுப்பில் மூன்றாம் நாள் பாடம். பயிற்சி இரண்டு நாள்தான் நடந்தது. அன்று ஒற்றைக் கண்ணில் நீர் வழியும் எழுபது பேர் சேர்க்கப்பட்டார்கள். எழுபது பேரும் சரண்யாவுக்கு எதிரே உட்கார்ந்தவர்கள்தான்.

முப்பத்தைந்து பேருக்கு அறுவை, முப்பத்தைந்து பேருக்குக் கண்காணிப்பு என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கியது. செல்வகுமாரிக்குக் கண்காணிப்பு விழுந்தது. கழுத்தில் மூன்று அடையாள அட்டை தொங்கவிட்டிருந்த ஒருங்கிணைப்பாளர் மணிபாரதி வாழ்த்துச் சொன்னார்.

"கண்காணிப்புன்னா இன்னா சார் பண்ணுவீங்க?"

"பாத்துக்கிட்டே இருப்போம்மா."

"பாத்துக்கினே இருந்தா?"

"ஆறு மாசம் பாப்போம். அதுக்கப்புறமும் தண்ணி வந்தா ஆபரேஷன் இலவசம். அதுவரைக்கும் நீங்க வேற எங்கயும் வைத்தியம் பாக்கக் கூடாது."

ஆறு மாசம்தானே என்று அவள் நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

முதல் மாதப் பரிசோதனை. மூக்கோரம் இமை முனையில் இருக்கும் சின்னத் துளையில் மழுங்கிய ஊசி வைத்து உப்புத்தண்ணீர் விடுவார்கள். பாதை திறந்திருந்தால் தண்ணீர் தொண்டைக்கு வரும். அடைப்பு இருந்தால் கண்ணிலேயே எதிர்த்துக்கொண்டு வழியும். நர்ஸ் காகிதத்தைப் பார்த்து வலது கண்ணில் விட்டார்.

"தொண்டையில கரிக்குதா?" என்று சரண்யா கேட்டாள்.

"கரிக்குது. உப்பு கொஞ்சம் கம்மிதான்."

"சூப்பர்மா. பாதை நல்லாத் திறந்திருக்கு."

"திறந்திருக்கும் பாப்பா, அது நல்ல கண்ணு. ஊத்துறது இது." இடது கண் அதை ஆமோதித்து இரண்டு சொட்டு விட்டது.

சரண்யா தன் வலது கையைப் பார்த்தாள். இடது கையைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போய் மணிபாரதியிடம் ஓடினாள். அவர் கம்ப்யூட்டரில் பதிவைத் திறந்து பார்த்துவிட்டு, எழுந்து வந்தார்.

"அம்மா, உங்க பேர்ல பதிவாயிருக்கிறது வலது கண்ணு."

"மாத்திப் போடுங்க சார்."

"ஒரு ஆதாருக்கு ஒரு கண்ணுதாம்மா. அதை மாத்தணும்னா நெறிமுறைக் குழு ஒத்துக்கணும். குழு மூணு மாசத்துக்கு ஒருக்கா கூடும். போன தடவை கூடினப்போ, அடுத்த தடவை எப்பக் கூடுறதுன்னு பேசி முடிக்கவே நேரம் ஆயிடுச்சு."

"அதுவரைக்கும் இந்தக் கண்ணு?"

"அது ஆய்வுக்கு உட்படாத கண்ணும்மா. அதுல என்ன நடந்தாலும் எங்களுக்குத் தெரியாது."

மாதாமாதம் வலது கண் காய்ந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. மாதாமாதம் தண்ணீரில் உப்பு குறைவு என்று செல்வகுமாரி தெரிவித்தாள். அதைக் குறிக்க டேப்லெட்டில் இடமில்லை.

ஆறாம் மாதம் முடிவு வந்தது. அறுவை செய்த டாக்டர் புகழ்வேந்தன் கைராசிக்காரர். காகிதத்தைப் பார்த்து அறுக்கிறவர் அல்ல, கண்ணைப் பார்த்து அறுக்கிறவர். அதனால் வழிந்த கண்ணுக்குத்தான் மூக்கு வழியாகப் புதுப்பாதை போட்டிருந்தார். அந்தக் கண்கள் காய்ந்தன. காகிதத்தில் இருந்த கண்களோ எப்போதுமே காய்ந்துதான் இருந்தன. அறுவைப் பிரிவில் முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து வெற்றி. கண்காணிப்புப் பிரிவிலும் முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து வெற்றி.

கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை, கட்டில் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் போதும், அடைப்பு தானே திறந்துவிடுகிறது. டாக்டரே அசந்துபோனார். இத்தனை வருஷம் வீணாக அறுத்துவிட்டோமே என்று ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்தாராம். பிறகு கட்டுரை எழுதினார். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. தமிழில் அதற்கு "நோக்கு மருத்துவம்" என்று பெயர் வைத்தார்கள். அரியாங்குப்பத்தில் ஒரு தனியார் கிளினிக் ஏசி அறையில் அரைமணி நேரம் பார்க்க ஒரு கட்டணம், ஒருமணி நேரம் பார்க்க ஒரு கட்டணம் என்று போர்டு மாட்டியது. கண்ணுக்குத் தொடர்பில்லாத துறையிலிருந்தெல்லாம் அதிகாரிகள் வந்து குறிப்பெடுத்தார்கள். வாய்க்கால் பார்க்கும் பொறியாளர் ஒருவர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "நாங்க முப்பது வருஷமா இதைத்தான் சார் பண்றோம். இதுக்கு ஒரு பேர் இருக்குன்னு தெரியாமப் போச்சு."

செல்வகுமாரி வாக்குக் கொடுத்த ஆபரேஷனைக் கேட்டுப் போனாள். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "பூரண குணம்" என்று பச்சை எழுத்தில் இருந்தது.

"பாருங்கய்யா, ஊத்துது!"

"குணமானவங்களுக்கு ஆபரேஷன் பண்ணா எங்க வேலை போயிடும்மா."

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி எண்ணெயில் போட்டுப் பொரித்திருப்பாள். கையில் சட்டி இல்லை.

பாகூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா நடந்தது. குணமானவர்களின் பிரதிநிதியாகச் செல்வகுமாரியை மேடையேற்றினார்கள். அவள் கடை வழியில் இருந்ததால் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வரச் சுலபமாக இருந்தது, வேறு காரணம் இல்லை. சிறப்பு விருந்தினரான உயரதிகாரி சால்வை போர்த்தினார். இடது கண் கொட்டியது.

"பாருங்கள்! இந்தத் தாயின் நன்றிக் கண்ணீரைப் பாருங்கள்!" என்றார் அவர். மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

செல்வகுமாரி மைக்கைப் பிடுங்கினாள். "ஐயா, இது நன்றி இல்லீங்க. அடைப்பு."

"என்ன ஒரு தன்னடக்கம்!" என்றார் உயரதிகாரி. மண்டபம் மறுபடியும் தட்டியது.

புகழ்வேந்தன் மட்டும் தட்டவில்லை. அவர் கண்ணைப் பார்க்கிறவர் ஆயிற்றே. அவளை மேடைக்குப் பின்னால் அழைத்துப்போய் இமையை அழுத்திப் பார்த்தார். சரண்யாவைக் கூப்பிட்டார். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெளியே அவர் பெயரைச் சொல்லி மைக்கில் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

செல்வகுமாரி பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார்.

"இந்தக் கண்ணு காயணும் டாக்டரு. எனுக்கு வேற ஒண்ணும் வாணாம்."

"வர்ற புதன்கிழமை நானே பண்ணிடறேன்."

மணிபாரதி அதற்குள் ஒரு காகிதம் தயாரித்துவிட்டார். நோயாளி கண்காணிப்பின் மூலம் ஏற்கெனவே பூரண குணம் அடைந்தவர் என்றும், தற்போது செய்யப்படுவது ஆய்வுக்கு உட்படாத கண்ணில் ஆய்வுக்குத் தொடர்பற்ற சிறு சீரமைப்பு என்றும், இதுகுறித்து வெளியில் பேசுவதில்லை என்றும், பேசினால் ஆபரேஷன் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் அதில் இருந்தது.

"மத்த முப்பத்தி நாலு பேரு, சார்?" என்று சரண்யா மெல்லக் கேட்டாள்.

"அவங்க மேடைக்கு வரலையே" என்றார் மணிபாரதி.

செல்வகுமாரியின் காதிலும் அது விழுந்தது. முப்பத்தி நாலு பேரில் பாதிப் பேர் அவளுக்குத் தெரிந்தவர்கள். ஆனால் புதன்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. மூக்கு வழியாகச் செய்ததால் வெளியே தழும்பு இல்லை. ஒரே மாதத்தில் கண் சுத்தமாகக் காய்ந்தது. சொம்பு மறுபடி அண்டா ஆனது. வராத பஸ்ஸுக்குப் போனவர்கள், வந்த பஸ்ஸையே விட்டுவிட்டு நின்று தின்றார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம், குருவிநத்தத்திலிருந்து சின்னபொண்ணு வந்தாள். அவளும் கண்காணிப்புப் பிரிவுதான். கரும்பு வெட்டுக்குப் போகிறவள், கண்ணை மறைத்த தண்ணீரில் கத்தி தவறி விரலில் கட்டுப் போட்டிருந்தாள். கடையில் கூட்டம் நெரிந்தது.

"யக்கா, எனுக்கு இன்னும் ஊத்திக்கினேதான் கீது. உனுக்கு மட்டும் எப்டி காஞ்சுது? ஆபரேஷன் பண்ணிக்கினியா? நெசத்தச் சொல்லு."

கூட்டம் முழுவதும் பதிலுக்குத் திரும்பியது. செல்வகுமாரி அந்த விரல் கட்டைப் பார்த்தாள். தான் போட்ட கையெழுத்தை நினைத்தாள். நிரம்பியிருந்த அண்டாவையும் நினைத்தாள்.

"ஆபரேஷனெல்லாம் ஒண்ணும் இல்ல, சின்னபொண்ணு. கண்காணிப்புதான். கொஞ்சம் பொறுத்துப் பாரு, தானா சரியாப் பூடும்."

சின்னபொண்ணு முகம் மலர்ந்துபோனாள்.

"அந்த ஆபீசருங்க சொன்னப்ப நான் நம்பவே இல்ல யக்கா. நீ சொல்றியே, அது போதும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

செல்வகுமாரி தலையைக் குனிந்துகொண்டு அடுத்த ஈடு பஜ்ஜியை எண்ணெயில் போட்டாள்.