இடத்தை வலத்தில் மாட்டியவன்

தப்பே செய்யாத மனிதன் கிடையாது. நானும் ஒரு தப்பு செய்திருக்கிறேன். (ஒன்றுதான். வீட்டில் கேட்டால் வேறு கணக்கு சொல்வார்கள், நம்பாதீர்கள்.)

எட்டாவதோடு புத்தகத்தை மூடிவிட்டுப் பூனாவுக்கு வந்தவன் நான். அங்கே கசார்வாடியில் சொந்தமாக லேத் பட்டறை போட்டவன். இரும்பு என் பேச்சைக் கேட்கும். பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கினேன். கல்யாணத்துக்கு மண்டபம் வரை அதில்தான் போக வேண்டும் என்று என் மகள் ஆசைப்பட்டபோது, "மெக்கானிக் எதுக்கு, நான் இருக்கேன்" என்றேன்.

முன்சக்கரங்களில் பிரேக் பிடிக்கும் கேலிபர் இரண்டையும் கழற்றிச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"எது எந்தப் பக்கம்னு ஒரு குறி போட்டு வைங்களேன்" என்றாள் மனைவி செண்பகம்.

"குறி போடுறது கத்துக்குட்டி வேலை."

மாட்டினேன். போல்ட் சரியாக ஏறியது. ஆனால் பெடல் ஊறின பஞ்சு மாதிரி அமுங்கியது. குழாயில் காற்று. அதை வெளியேற்ற ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கேலிபரில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். ஞாயிறு காலை முழுக்கச் செண்பகம் மிதித்தாள். பஞ்சு பஞ்சாகவே இருந்தது.

அவள் இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். "ஏங்க, இந்தத் திருகு முன்னால மேலதான இருந்துச்சு? இப்ப அடியில கெடக்கு. காத்து மேலதான நிக்கும், அடியில தொறந்தா எப்படி வரும்?"

"முப்பத்தஞ்சு வருஷமா இரும்போட குடும்பம் நடத்துறவன்கிட்ட பேசுற."

"என்னோடன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் சம்பந்தி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், பூனா பக்கத்தில் சாகண் தொழிற்பேட்டையில் இன்ஜினியர். படித்தவருக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? பக்கத்தில் உட்கார வைத்து, எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் சரிவில் மெல்ல இறக்கினேன். பெடலை மிதித்தேன். தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. ஆள் நடக்கும் வேகத்தில், சாமி ஊர்வலம் மாதிரி போய், கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் குவியலில் மூக்கை நுழைத்தது. மேலே பால்கனிகளில் மொத்த சொசைட்டியும் நின்றது.

சம்பந்தி சட்டையில் இருந்த மணலைத் தட்டினார். "வண்டி நல்லாத்தான் போகுதுங்க. நிக்கறதுதான் கொஞ்சம் யோசிக்குது."

"அப்பா, ப்ளீஸ், நான் ரிக்‌ஷால போறேன்" என்றாள் மகள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

அதுதான் சுட்டது. அன்றைக்கே இரண்டையும் கழற்றி, இடத்தை இடத்திலும் வலத்தை வலத்திலும் மாட்டினேன்; திருகு மேலே வந்து நின்றது. கூப்பிடாமலே செண்பகம் வந்து சீட்டில் ஏறி மிதித்தாள். பத்தே நிமிடத்தில் பெடல் கல்லாக நின்றது. இறங்கி, அந்தத் திருகைக் குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள். (ஏதாவது சொல்லியிருக்கலாம்.)

மகள் அந்த வண்டியில்தான் மண்டபத்துக்குப் போனாள். மணமேடையில் சம்பந்தி, மந்திரம் சொல்லும் ஐயரிடம், "பொண்ணு எந்தப் பக்கம் உக்காரணும்னு நீங்களே சொல்லிருங்க, எங்க சம்பந்தியக் கேக்காதீங்க" என்றார்.

இப்போது பேத்திக்கு மூன்று வயது. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தால், "தாத்தா மாதிரி மாட்டிருக்கா" என்று வீடே சிரிக்கிறது. கழற்றிச் சரியாகப் போட்டுவிடுவது நான்தான். போட்டதும் செண்பகத்தை ஒரு பார்வை பார்ப்பேன். அவள் தலையசைத்த பிறகுதான் குழந்தையை இறக்கிவிடுவேன்.