மாலியைக் கேட்டனியோ?

'சர்ப்ரைஸ்' என்ற சாமானைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் ஒரு கணவனாகத்தான் இருக்க வேண்டும். மனைவியிடம் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்கப் பஞ்சிப்பட்ட கணவன். (பஞ்சி என்றால் எங்கள் யாழ்ப்பாணத்தில் சோம்பல்.) இதை நான் எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். ஒரு சித்திரை வருடப் பிறப்பன்று, ஈஸ்ட் ஹாமில், அக்கா வீட்டு வாசலில், கையில் ஹோஸ் பைப்போடு பொலிஸ்காரருக்கு முன்னால் நின்று பெற்ற ஞானம் இது.

மாலி என் மனைவி. தாய்லாந்துக்காரி. சிநேகிதன் ஒருவனின் கல்யாணத்துக்கு முந்திய கூத்துக்காகப் பாங்கொக் போன இடத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் ஓடிய மருந்துக்கடையில் அவள் வேலை பார்த்தாள். அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாத காலத்திலேயே என் வயிற்றைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அப்படித் தொடங்கி, இரண்டு வருடத்தில் கல்யாணத்தில் வந்து நின்றது. நாங்கள் கதைப்பது ஆங்கிலத்தில். அவள் சொன்னதையெல்லாம் எங்கள் தமிழில் தருகிறேன். (அவர்கள் ஊரில் கணவனை மரியாதையாகக் கூப்பிட ஒரு சொல் உண்டு. அதே ஓசை தமிழில், என்னை அந்த மருந்துக்கடைக்கு ஓடவைத்த சாமானின் பெயர். எழுதினால் இந்தக் கட்டுரையை ஒருவரும் அச்சிடமாட்டார்கள். வந்த முதல் வாரமே அக்காவின் முன்னால் என்னை அப்படி அழைத்தாள். அன்றிலிருந்து பெயர் சொல்லியே கூப்பிடட்டும் என்று அக்கா உத்தரவு போட்டுவிட்டா.)

மாலி வந்து இறங்கியது ஐப்பசியில். நான் அப்போது இந்த வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்து இருபது வருடம். குளிர் விஷயத்தில் என்னை நானே பேராசிரியர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேராசிரியருக்குத் தெரிந்த ஒரே பாடம், "பழகிடும்."

கார்த்திகையில் நாலு மணிக்கே இருட்டியபோது ஜன்னலைக் காட்டி, "வெளியில ஏதும் பிழை நடந்திட்டுதோ?" என்று பயந்துபோய்க் கேட்டாள். பழகிடும் என்றேன். விரல் நுனி வெடித்து இரத்தம் கசிந்தபோது, கிறீம் பூசு, பழகிடும் என்றேன். அக்கா தன் அலுமாரியிலிருந்து முழங்கால் தாண்டும் கறுப்புக் கோட்டு ஒன்றைக் கொடுத்திருந்தா. தை மாதம் அதைப் போட்டபடியே சமைத்தாள், அதைப் போட்டபடியே சாப்பிட்டாள், சில நாள் அதோடேயே படுத்தாள். மிச்ச நேரம் ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள். "அவ கட்டினது என்னையோ ரேடியேட்டரையோ தெரியேல்லை" என்று அத்தானிடம் சொல்லிச் சிரித்தேன். அத்தானும் சிரித்தார். நான் ஏதோ பெரிய பகிடி விட்டதாகத்தான் எனக்கு நினைப்பு.

மாசி முடியும்போது அவள் கதைப்பதே குறைந்துவிட்டது. பங்குனியில் ஒருநாள், சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள்.

"சித்திரையில வீட்டுக்குப் போறன். டிக்கெட் போட்டிட்டன்."

"போயிட்டு எப்ப வருவாய்?"

"வருவனோ எண்டதை அங்க போய் இருந்துதான் யோசிக்க வேணும்."

அந்த இடத்தில் மனிசனாய்ப் பிறந்தவன் என்ன செய்வான்? "ஏனம்மா, என்ன குறை?" என்று கேட்பான். நான் 'சரி' என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனேன். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்ற பயம்தான், வேறென்ன.

அதற்கு அடுத்த கிழமை, மாலி ஃபோனில் வீடியோ ஒன்றைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அவர்கள் ஊர் வருடப் பிறப்பு. தெரு முழுக்கச் சனம், வாளி, தண்ணீர் அடிக்கும் துவக்கு, யானைகூடத் தும்பிக்கையால் பீச்சுகிறது. எனக்கு மூளையில் மின்னல் அடித்தது. (அடித்த இடம் ஏற்கெனவே காலியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.) அவர்களின் வருடப் பிறப்பும் எங்கள் வருடப் பிறப்பும் ஒரே நாட்களில்தானே வருகின்றன. ஊர்த் திருவிழாவை நினைத்து அழுகிறாள் பாவம். அதை இங்கேயே கொண்டுவந்து இறக்கிவிட்டால் டிக்கெட்டைக் கிழித்துப் போடமாட்டாளா?

உடனே அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"அக்கா, வருசத்தண்டு மாலிக்குத் தண்ணி ஊத்த வேணும்."

"எங்க?"

"அவவுக்கு மேலதான்."

"டேய், வெளியில நிண்டால் பல்லுக் கிட்டுது. உனக்கென்ன விசரா?"

"அவையளின்ர சம்பிரதாயம் அக்கா. ஊத்தாட்டி வருசம் பிறந்த மாதிரியே இல்லையாம்."

சம்பிரதாயம் என்ற சொல்லைக் கேட்டால் அக்கா உருகிவிடுவா. "அப்ப செய்யத்தானே வேணும். அந்தப் பிள்ளைக்கும் இஞ்ச ஆர் இருக்கினம்" என்றா. அவ்வளவுதான். அத்தான் ஹோஸ் பைப்பை முன்பக்கம் இழுத்துவர ஒத்துக்கொண்டார். என் மருமக்களான அக்காவின் பிள்ளைகளுக்கு வாளி. ஒருவரும் மாலிக்கு மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கினேன்.

வருடப் பிறப்பன்று, பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நான் விடியவே கிளம்பிவிட்டேன். "அக்காவுக்கு உதவி செய்யப் போறன், நீ பத்து மணிபோல வா" என்றேன். மாலி கண்ணாடிக்கு முன்னால் ஏதோ அலுவலாக இருந்தாள். மேசையில் ஒரு பொட்டலம் கிடந்தது. அது என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பத்து மணிக்கு அக்கா வீட்டு வாசல் வேலிக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் புது உடுப்போடு பதுங்கி இருந்தோம். வானம் சாம்பல் நிறம், காற்று காதை அறுத்தது. அத்தான் பட்டு வேட்டிக்கு மேல் ஜாக்கெட் போட்டு, கழுத்தில் மஃப்ளர் சுற்றி, "கெதியா வரச்சொல்லடாப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஹோஸ் பைப் என் கையில், சைகை கொடுக்க விசில் வாயில்.

மாலி வந்தாள். கேற்றடியில் நின்றாள். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கறுப்புக் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் தானாகக் கோட்டைக் கழற்றியதை அன்றுதான் கண்டேன். உள்ளே, சிவப்புப் பட்டில் இடுப்புத் துணி, வெள்ளைச் சட்டை, தலையில் மல்லிகைச் சரம். கோட்டை மடித்து மதிலில் போட்டுவிட்டு, பையிலிருந்து வெள்ளிக் கிண்ணம் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அவ்வளவு வடிவாக அவளை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அதைப் பார்த்து எனக்கு என்ன விளங்கியிருக்க வேண்டும்? எனக்கு விளங்கியது: 'ஆ, கோட்டைக் கழற்றிப்போட்டாள். நனைய ஆயத்தம்.'

விசிலை ஊதினேன்.

வாளித் தண்ணீர் மூன்று பக்கமிருந்தும் விழுந்தது. நான் ஹோஸைத் திறந்து, அத்தானின் ரோஜாச் செடிகளுக்கு அடிக்கும் அதே வேகத்தில், யூடியூப் பார்த்துப் பாடமாக்கிய அவர்கள் ஊர் வாழ்த்தையும் கத்திக்கொண்டு, தலையில் தொடங்கிக் கால் வரைக்கும் அடித்தேன். கிண்ணம் விழுந்து உருண்டது. மல்லிகைச் சரம் கழுத்தில் வழிந்தது. மாலி கத்தவில்லை, ஓடவில்லை. கை இரண்டையும் கிண்ணம் இன்னும் இருப்பதுபோல ஏந்தியபடியே நின்றாள். பட்டின் சிவப்பு கரைந்து வெள்ளைச் சட்டையில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏன்?" என்று கேட்டாள்.

"உங்கட வருசம்..." என்றேன். ஹோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க நாப்பது டிகிரி வெயில், முகுந்தன். அதுக்காகத்தான் தண்ணி ஊத்துறது."

அக்கா வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைத் தன் காஞ்சிபுரச் சேலையோடு சேர்த்து அணைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனா. நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம்.

எதிர்வீட்டு அம்மையார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு குடும்பமே வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்து, தனியாக வந்த ஒரு பெண்ணைச் சுற்றிவளைத்து, குளிரில் ஹோஸால் அடித்தால் யார்தான் பொலிசைக் கூப்பிடமாட்டார்கள்? ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு பேர் வந்தார்கள். பெண் பொலிஸ் நேரே அடுப்படிக் குசினிக்குள் மாலியிடம் போனார். ஆண் பொலிஸ் என்னிடம் வந்தார்.

"நீங்களா தண்ணீர் அடித்தது?"

"ஓம். பாரம்பரிய வழக்கம்."

"யாருடைய பாரம்பரியம்?"

"மனைவியுடையது."

"செய்யச் சொல்லி அவர் கேட்டாரா? நீங்கள் அவரிடம் கேட்டீர்களா?"

நான் ஹோஸ் பைப்பைச் சுருட்டத் தொடங்கினேன். எனக்கு ஆங்கிலம் விளங்கவில்லை என்று நினைத்துவிட்டா போலிருக்கிறது அக்கா, விறாந்தையிலிருந்து மொழிபெயர்த்தா. "மாலியைக் கேட்டனியோ எண்டு கேக்கிறார். சொல்லன்ரா. கேட்டனியோ?"

அப்போதுதான் குசினிக்குள்ளிருந்து மாலியின் குரல் கேட்டது. இங்கே இருக்கப் பயமா, வேறெங்காவது போக வேண்டுமா என்று பெண் பொலிஸ் கேட்டிருக்க வேண்டும்.

"பயம் இல்லை. குளிருது. வந்த நாளில இருந்து குளிருது" என்றாள் மாலி. "அவர் கெட்டவர் இல்லை. ஒண்டும் கேக்கமாட்டார், அவ்வளவுதான்."

அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பொலிஸ் போன பிறகு உள்ளே போனேன். அக்காவின் டிரெஸ்ஸிங் கவுனுக்குள் சுருண்டு, இரண்டு போர்வைக்கு நடுவில் மாலி இருந்தாள். கிண்ணம் மேசையில். அது ஏன் என்று அப்போதாவது கேட்டேன். அவர்கள் வீட்டில் வருடப் பிறப்பன்று தெருக்கூத்து எல்லாம் பிறகுதானாம். முதலில் பெரியவர்களின் உள்ளங்கையில் வாசனைத் தண்ணீரை மெல்ல ஊற்றி ஆசி வாங்குவார்களாம். போன வருடம் வீட்டில் எடுத்த அந்த வீடியோவில் அவள் பார்த்து அழுததும் யானைக்கு முன்பே வந்துபோன அம்மாவின் கைகளைத்தான். நான் எட்டிப் பார்த்தது யானை வந்த நேரத்தில். இங்கே அவளுக்கு அக்காவும் அத்தானும்தானே பெரியவர்கள். அவர்களிடம் ஆசி வாங்கிவிட்டுப் பயணம் போகலாம் என்று, அம்மாவின் பட்டைப் பொட்டலத்தில் வரவழைத்து, ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் மல்லிகை வாங்கி, விடியவே ஆயத்தமாகியிருக்கிறாள்.

அக்கா எழும்பினா. வெஸ்ட் ஈலிங் கோயிலிலிருந்து கொண்டுவந்த மருத்துநீர் போத்தலில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. வருடம் பிறக்கும் வேளையில் பெரியவர்கள் சின்னவர்களின் தலையில் வைத்து முழுக விடும் மூலிகைத் தண்ணீர் அது. நேரம் தவறினால் தும்மக்கூடச் சம்மதிக்காத அக்கா, "நேரம் கிடக்கட்டும்" என்று அதை அடுப்பில் இளஞ்சூடாக்கிக் கொண்டுவந்தா.

"பிள்ளை, இது தலையில வைக்கிறது. வைக்கட்டோ?"

அக்காவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். ஆனால் கேட்டா. மாலி தலையைத் தாழ்த்தினாள். அவர்கள் ஊரில் ஒருவர் தலையை ஒருவர் சும்மா தொடமாட்டார்கள். அக்காவின் கை பட்டதும், அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குக் காட்டாத அழுகையை அழுதாள். நான் கதவடியில் நின்று பார்த்தேன்.

பிறகு கேத்திலில் சூடாக்கிய தண்ணீரில், பையிலிருந்த தன் வாசனைத் திரவத்தை விட்டுக் கிண்ணத்தை நிரப்பி, அக்காவின் கையில் ஊற்றினாள். அடுத்தது அத்தான். அத்தானுக்கு உள்ளங்கையில் தண்ணீர் விழுந்தால் ஒரே ஒரு பழக்கம்தான் தெரியும். கண்ணை மூடி, தீர்த்தமாக நினைத்து, ஒரே உறிஞ்சு. அத்தர்போலக் கமகமத்த தண்ணீர். அவர் இருமிய இருமலில் மருமக்கள் ஓடிவந்தார்கள். மாலி கண்ணீரோடு விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அதை வரவழைத்தது நானில்லை, அத்தான்.

கதை அங்கேயே நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்த வார இறுதியில் மாலி போய்விட்டாள். விமான நிலையத்தில், "திரும்பி வருவியோ?" என்று கேட்டேன். "இப்பதான் கேக்கிறாய்" என்றாள். "தெரியாது" என்றும் சொன்னாள். ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நான் தனியாக இருந்த மாதங்களில் ஒவ்வொரு நாளும் ஃபோன் எடுத்துக் கேள்விகள் கேட்டேன். என்ன சாப்பிட்டாய், வெயில் எப்படி, அங்கே எது பிடிக்கும், இங்கே எது பிடிக்கவில்லை. சில நாள் பதில் சொன்னாள், சில நாள் சொல்லவில்லை. ஆடி மாதம் திரும்பி வந்தாள். ஏன் வந்தாள் என்று கேட்டதற்கு, "அக்கா கூப்பிட்டவ" என்றாள். அதற்குமேல் கிளற எனக்குத் தைரியம் இல்லை.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து எனக்கு விடுதலை இல்லை. கார் வாங்கப்போகிறேன் என்றால் அத்தான், "மாலியைக் கேட்டனியோ?" என்பார். மருமக்கள் ஆங்கிலத்திலேயே எல்லாம் கதைத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் தமிழில், அக்காவின் குரலில் சொல்வார்கள். ஒருமுறை ஹோட்டலில் இரண்டாவது தோசைக்கு நான் கை தூக்கியதும் மேசை முழுக்கச் சேர்ந்து கேட்டது. இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்றபோதும் அக்கா அதைத்தான் கேட்டா. கேட்டேன். "எழுது. சட்டையில கறை போகேல்லை எண்டதையும் எழுது" என்றாள் மாலி.

போகவில்லை. எத்தனையோ விதமாகத் தோய்த்துப் பார்த்தேன், சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகியதோடு சரி. ஒவ்வொரு சித்திரைக்கும் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வருகிறாள், மேலே கழுத்துவரை பூட்டிய அதே கறுப்புக் கோட்டு. வாசலில் நின்று, முதலில் என் இரண்டு கைகளையும் பார்க்கிறாள். நான் விரித்துக் காட்டுகிறேன். பிறகுதான் முதல் பொத்தானைக் கழற்றுகிறாள்.