கரை உடையவில்லை, சுகருக்குத்தான்

நேர் ரோட்டில் விட்டாலும் வழி தவறக்கூடிய ஒரே மனுஷி இந்த உலகத்தில் கேன்வாஸ் அக்காதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, அங்கேயே வாக்கப்பட்டு, அங்கேயே பிள்ளை வளர்த்தவர். அந்த ஊருக்குள்ளேயே அவரோடு நான் தொலைந்துபோன இடங்களை எழுதினால் இந்தப் பத்திரிகை போதாது.

அக்கா எங்கள் எதிர்வீடு. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. மகன் பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடுக்குப் போட்ட வெள்ளை கேன்வாஸ் ஷூவை, அவன் கிருஷ்ணன்கோவில் காலேஜுக்குப் போனதும் இவர் எடுத்து மாட்டிக்கொண்டார். ஷூ பெரிது. முன்பக்கம் துணியைத் திணித்துக்கொள்வார். சேலையைத் தூக்கிச் செருகி, மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் ஓடிவந்தால், பால்காரர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுவார்.

நான் அவரிடம் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் சுகர். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். பிரசவ வலிக்குக்கூட நான் அழவில்லை, அப்போது போட்ட ஊசிக்குத்தான் அழுதேன். விஷயம் ஆபீஸுக்குத் தெரிந்தால் பியூன் முதல் அதிகாரி வரை பாகற்காயைப் பற்றிப் பாடம் எடுப்பார்கள். அதனால் மூச்சுவிடவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னேன். ஓடியே கரைத்துவிடலாம் என்றார்.

எனக்கென்னவோ பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றினாலே போதும். அக்காவுக்கு அது ஆகாது. தினம் ஒரு புது ரூட்டு வேண்டும். அதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தார்.

"போன வழியிலயே போனா காலுக்குப் பழகிரும்டி. பழகிட்டா ஒடம்பு ஏமாத்த ஆரம்பிச்சிரும். அதுக்குத் தெரியாமத்தான் ஓடணும்."

எந்த வழி எங்கே போகும் என்பது என் உடம்புக்கு மட்டுமா தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒருநாள் குறுக்குவழி என்று ஒரு சந்துக்குள் கூட்டிப்போனார். சந்து ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் போய் முடிந்தது. திரும்பிவிடலாம் என்றேன். திரும்பினால் அதே வழியாகிவிடுமாம். இட்லிக் கொப்பரைகளுக்கு நடுவே புகுந்து பந்தி நடக்கிற இடத்துக்கே வந்துவிட்டோம். பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா என்று ஒருவர் கேட்க, அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் பொண்ணு வீடு என்றார். கையைப் பிடித்து உட்காரவைத்து இலை போட்டுவிட்டார்கள். முதலில் விழுந்தது கேசரி. சுகரைக் கரைக்கக் கிளம்பியவள், நெய் ஒழுகும் கேசரிக்கு எதிரே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதாமல் வந்துவிட்டோமே என்று வழியெல்லாம் வருத்தப்பட்டார்.

இன்னொரு நாள் மாந்தோப்பு. அங்கே காவலுக்கு இருந்த நாய் துரத்தியபோதுதான் நான் நிஜமாகவே ஓடினேன் என்று அக்கா இன்றுவரை சொல்கிறார்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்து, ஊருக்கு மேற்கே இருக்கிற கண்மாய் நிரம்பியது. இன்றைக்குக் கண்மாய்க் கரைதான் ரூட்டு, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், வழி தவற முடியவே முடியாது என்றார் அக்கா. நானும் நம்பினேன். விடிந்தும் விடியாத நேரம். மலைப் பக்கமிருந்து சிலுசிலுவென்று காற்று. அக்கா முன்னால் ஓட, நான் மூச்சிரைக்க, "அக்கா, நில்லுங்க" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

டவுனிலேயே வளர்ந்த எங்கள் இருவருக்கும் ஒன்று தெரியாது. கண்மாய் நிறைந்திருக்கும்போது கரையில் யாரும் ஓடமாட்டார்கள். ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கரை எங்கோ உடைந்துவிட்டது.

வயலில் நின்ற ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "ஏலே, கரை போச்சுலே" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து ஊரே எழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் மண்வெட்டியோடும் சாக்கோடும் ஒரு கூட்டம் எங்கள் பின்னால் வருகிறது. எதற்குத் துரத்துகிறார்கள் என்று தெரியாமல் நாங்கள் இன்னும் வேகமாக ஓடினோம். நாங்கள் வேகமாக ஓட ஓட, உடைப்பு பெரிது போல என்று அவர்களும் வேகமாக வந்தார்கள்.

மடைக்குப் பக்கத்தில் மடக்கிவிட்டார்கள். வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எங்கத்தா ஒடைஞ்சிருக்கு?"

"எதுவும் ஒடையலயே அண்ணாச்சி" என்றார் அக்கா.

"பொறவு என்னத்துக்கு ஓடுதிய?"

நான் அக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லுங்கள், என் விஷயத்தை மட்டும் சொல்லாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். அக்கா என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"இவளுக்கு சுகரு. கொறையலன்னா ஊசி போடணுமாம். ஊசின்னா அம்புட்டு பயம் இவளுக்கு. அதான் ஓட்டிக்கிட்டு வாரேன்."

கூட்டத்தில் எங்கள் ஆபீஸ் பியூனும் சாக்கோடு நின்றிருந்தார்.

இத்தனை பேர் பயிரும் இந்தக் கரையை நம்பித்தான் நிற்கிறது, இங்கே ஓடக் கூடாது என்றார் பெரியவர். கூடாது என்றதுமே அக்காவுக்கு அந்தக் கரைதான் வேண்டும் என்றாகிவிட்டது, விடவில்லை. கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது. ஓடலாம், ஆனால் எதற்கு ஓடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். மறுநாளிலிருந்து அக்கா, "சுகருக்குத்தான், சுகருக்குத்தான்" என்று மீன் விற்கிறவர் மாதிரி கூவிக்கொண்டு முன்னால் ஓட, நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஆவாரம்பூ, வெந்தயம், நாவல் கொட்டை என்று வயலுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஆபீஸில் நடந்ததை எழுதி என் ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொள்ள விருப்பமில்லை. அக்காவோடு ஒரு வாரம் பேசவில்லை. பேசாமலேதான் பின்னால் ஓடினேன்.

ஆனால் ஒருநாள்கூட மட்டம் போட முடியவில்லை. போட்டால் மறுநாள் பெரியவர் கரையை மறித்துக்கொண்டு, நேற்று ஏன் வரவில்லை என்று விசாரித்துவிட்டுத்தான் வழி விடுவார். அவருக்குப் பதில் சொல்லப் பயந்தே நான் வருகிறேன் என்று அக்கா கண்டுகொண்டார். ஒரு வழியில் இரண்டாவது தடவை போகாத அந்த மனுஷி, எனக்காக டாக்டர் கெடுவில் மிச்சமிருந்த நாளெல்லாம் அந்த ஒரே கரையில் ஓடினார். கால் பழகிப்போச்சு, உடம்பு ஏமாத்துது என்று முனகிக்கொண்டேதான் ஓடினார்.

சுகர் குறைந்துவிட்டது. ஊசி வேண்டாம், இனி வீட்டு மாடியில் தினம் கொஞ்ச நேரம் நடந்தால் போதும் என்றார் டாக்டர். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வைதான் என்று சாதித்தார்.

"அப்ப அந்தக் கரைய விட்டுரலாம்லா? எனக்கு அலுத்துப்போச்சுட்டி."

இப்போது அக்கா குடும்பத்தோடு ராஜபாளையத்துக்குக் குடிபோய்விட்டார். அய்யனார் கோவில் பக்கம் புதுப்புது ரூட்டாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸைப் பிடித்து நான் அங்கே போகிறேன். போன வாரம் ஒரு தென்னந்தோப்புக்குள் ஒரே கிணற்றை மூன்று தடவை பார்த்தோம். இனிமேல் உங்களோடு வந்தால் என்னை என்னவென்று கேளுங்கள் என்று கத்திவிட்டு பஸ் ஏறினேன்.

நடப்பதற்கு வீட்டிலேயே மாடி இருக்க, ஓடுவதற்குப் பஸ் ஏறிப் போகிறாயே என்கிறார் என் வீட்டுக்காரர். மாடி இருக்கிறது. அங்கே அக்கா இல்லையே.