ஆப்பிரிக்காவுக்கு ஒரு சோதனை ஓட்டம்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். தனியாக ஆப்பிரிக்கா போவது. வடக்குக் கோடியில் இறங்குவது, தெற்குக் கோடியில் விமானம் ஏறுவது. நடுவில் ஒரு ஜீவன்கூட என்னைப் பார்த்து, "ஈரக் காலோட உள்ள வராதீங்க" என்று சொல்லக் கூடாது.

கல்யாணம் ஆனதிலிருந்து நான் தனியாகப் போன அதிகபட்ச தூரம் பல் டாக்டர் வரைக்கும்தான். அங்கேயும் எந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று என் மனைவி டாக்டருக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டாள். ஒரே ஒரு மாதம் என் இஷ்டத்துக்குத் தூங்கி, என் இஷ்டத்துக்கு எழுந்து, நானும் ஒரு மனுஷன்தான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு கண்டமே தேவைப்பட்டது. பக்கத்து ஊருக்குப் போனால் பின்னாலேயே வந்துவிடுவாள்.

திட்டம் போடுவது எனக்குக் கைவந்த கலை. பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிறவன் நான். எந்த பஸ் எங்கே எத்தனை மணிக்கு வரும் என்று எழுதிவைப்பேன். வந்ததா என்று பார்ப்பது என் வேலை இல்லை. சாப்பாட்டு மேஜையில் மேப்பை விரித்தேன். ஸ்கேலை வைத்து மேலிருந்து கீழே ஒரே கோடு இழுத்தேன். சஹாரா நடுவில் டீ குடிக்கக் கொஞ்ச நேரம்கூட ஒதுக்கியிருந்தேன்.

"நானும் வரேன்" என்று அவள் சொல்லிவிட்டால் குடி முழுகிவிடும். அதனால் கஷ்டங்களைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

"அங்கெல்லாம் சொகுசு கிடையாது. மூட்டையை நாமதான் தூக்கணும். துணியை நாமதான் துவைக்கணும். கிடைச்சதை நாமளே சமைச்சுச் சாப்பிடணும். உன்னால முடியாது."

"சரிங்க" என்றாள்.

நான் அங்கேயே உஷாராகி இருக்க வேண்டும். அவள் "சரிங்க" என்று சொன்ன எதுவும் இதுவரை எனக்குச் சரியாக நடந்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு டீச்சர் வந்தார். பூகோளம் சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனவர். மேப்பில் நான் இழுத்திருந்த கோட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சார், இது எந்தெந்த நாடு வழியாப் போகுது?"

"ஆப்பிரிக்கா வழியாத்தான் டீச்சர்."

"அது நாடு இல்லையே சார். அதுக்குள்ள ஐம்பது நாட்டுக்கு மேல இருக்கு. எல்லைக்கு எல்லை பாஷை மாறும், சாப்பாடு மாறும், விசா மாறும்."

"ரூட்னு இருந்தா ஸ்டாப் இருக்கத்தான் செய்யும்."

"உங்க ரூட் ஒரு பெரிய ஏரிக்குள்ள இறங்குது சார்."

"படகு பிடிச்சுக்கறேன்."

டீச்சர் என் மனைவியைப் பார்த்தார். அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்: "என்னங்க, உங்க ஆபீஸ்ல புது ரூட் விடறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"காலி பஸ்ஸை ஓட்டிப் பாப்போம். சோதனை ஓட்டம்."

"காலி பஸ்ஸுக்கே அவ்வளவு பாக்கறீங்க. கட்டின புருஷனை அப்படியே அனுப்பிட முடியுமா?"

தொழில் தர்மப்படி என்னால் மறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடே ஆப்பிரிக்கா ஆனது. வாசல் கேட் வடக்குக் கடற்கரை. படுக்கையறை தெற்கு முனை. டீச்சர் ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டு எல்லை அதிகாரியாக உட்கார்ந்தார்.

"டீச்சர், வழி விடுங்க. பாத்ரூம் போகணும்."

"அது வேற நாடு சார். வரிசையில நில்லுங்க."

"வரிசையில யாருமே இல்லையே."

"முதல் ஆளா நில்லுங்க."

நின்றேன். பிறகு மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். அதுதான் பாலைவனம். பாலைவனத்தில் தண்ணீர் முக்கியம் என்பதால் தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொன்னாள் மனைவி. அடுத்து அடர்ந்த காடு. கொல்லைப்புறத்தில் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த களையை அரிவாளோடு கடந்தேன். திரும்பிப் பார்த்தால் காடே இல்லை.

அப்புறம் சந்தை. பாஷை தெரியாத ஊராம், கையால்தான் பேச வேண்டுமாம். தெருமுனைக் காய்கறிக் கடையில் ஊமை பாஷையில் கத்தரிக்காய் கேட்டேன். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே பேசிட்டிருந்தாரு, பாவம்" என்று கடைக்காரர் ஒரு கொத்து கொத்தமல்லியைச் சும்மா போட்டார். வாங்கி வந்ததை நானே சமைத்தேன். டீச்சர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "போன இடத்துல சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது" என்று பெருந்தன்மையாகத் தண்ணீர் குடித்தார்.

கடைசியாகத் துணி. வீட்டில் இருந்த பெட்ஷீட் எல்லாம் வாளிக்கு வந்தன.

"ஒத்தை ஆளுக்கு எதுக்குடி இத்தனை பெட்ஷீட்?"

"மலைப்பக்கம் குளிருமாங்க."

"அங்க மலை உச்சியில பனியே இருக்கு சார்" என்றார் டீச்சர்.

பிழிந்து உதறியபோது இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. தெற்கு முனைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்ந்தேன். வெட்கமாக இருந்தது. அழுகைகூட வந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவனைப் பார்த்திருக்கிறேன், இன்றைக்குக் கண்ணாடியிலும் பார்த்துவிட்டேன்.

"நான் எங்கயும் போகலை. சோதனை ஓட்டம் தோத்துப்போச்சு. ஒத்துக்கறேன்."

"யார் சொன்னா? பிரமாதமா முடிஞ்சிருக்கு" என்று வெந்நீர்ப் பையை என் இடுப்பில் வைத்தாள். "டீச்சர், நாம தைரியமாக் கிளம்பலாம்."

"நாமன்னா யாரு? எங்க?"

"நானும் டீச்சரும்தான், ஆப்பிரிக்காவுக்கு. டிக்கெட் போன மாசமே எடுத்தாச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தோம், நல்லவேளையா நீங்களே மேப்பை விரிச்சீங்க."

"அப்போ வீடு? சமையல்?"

அவள் மனசார, பிரியமாகத்தான் சொன்னாள். "அந்த ஒரு கவலைதாங்க எனக்கு இருந்துச்சு. தொட்டி கழுவறீங்க, சமைக்கறீங்க, துவைக்கறீங்க, வாயைத் திறக்காமலே காய் வாங்கிட்டு வரீங்க. இனிமே உங்களை நம்பி வீட்டை விட்டுட்டு எத்தனை மாசம் வேணும்னாலும் சுத்தலாம்."