கொள்ளுத்தாத்தாவின் தாடையில் வேர்

"வேர் புகுந்திருக்கறது உங்க வீட்டு மண்டையிலதான் சம்பந்தி! வாத்தியாரே சொல்லிட்டாரு!"

"எங்க வீட்டு மண்டைக்கு என்ன குறைச்சல்? எங்க மாமியார் எண்பத்து நாலு வயசுல கரும்பு கடிச்சுத் தின்னவங்க. அந்தத் தாடைக்குள்ள புகுற வேர் இன்னும் முளைக்கல!"

"அப்போ எங்க வீட்டு மண்டையில ஓட்டையா?"

"நான் சொல்லலியே. நீங்களாத்தான் சொல்லிக்கிறீங்க."

முற்றத்தில் பூண்டு காயவைத்துக்கொண்டிருந்த லுவா தலையை நிமிர்த்தவில்லை. கத்திக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி மாமியார் முய். இன்னொருத்தி லுவாவைப் பெற்ற லான். சண்டைக்குக் காரணமான ஆறு வயசு தெப், அப்பாவைப் பெற்ற தாத்தா புவாங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பூண்டுகளைப் பெரிசிலிருந்து சிறிசாக வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். தாத்தாவும் வரிசை வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் காலையிலிருந்து ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேரும் ரொம்ப சந்தோஷமாக இருந்தார்கள்.

சண்டையை ஆரம்பித்துவைத்தவர், பாவம், ஒரு நல்ல டாக்டர்.

இரண்டு மாசத்துக்கு முன்னால், தீவிலிருந்து படகேறி, எதிரே இருக்கும் குவாங்ஙாய்க் கரைக்குப் போய் டாக்டரிடம் தெப்பைக் காட்டினார்கள். டாக்டர் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். எதனால் வந்தது என்று மாமியார் கேட்டாள். "மூளை வளர்ற விதம் வேறம்மா, அவ்வளவுதான். இது குடும்பத்துல ஓடும். நூத்துக்கணக்கான மரபணு சேர்ந்து செய்யற வேலை. சில சமயம் அப்பா அம்மாகிட்ட இல்லாதது பிள்ளைகிட்ட புதுசாவும் வரும். இதுதான் காரணம்னு ஒண்ணை மட்டும் கை காட்ட இன்னும் யாராலயும் முடியல. உங்க மருமக தின்னதாலயோ, தடுப்பூசி போட்டதாலயோ வந்ததில்ல. யார் மேலயும் தப்பில்ல" என்றார்.

இவ்வளவு சொன்னாரா? மாமியார் அதில் 'குடும்பத்துல ஓடும்' என்பதை மட்டும் முடிந்துகொண்டு படகேறினாள். தீவில் இறங்கியதும் முதல் கேள்வி, "ஓடுதுன்னா எந்தக் குடும்பத்துல இருந்து ஓடுது?"

டாக்டருக்குத் தெரியாததெல்லாம் தெரிந்த ஒருவர் அப்போது தீவுக்கு வந்து சேர்ந்திருந்தார். பெயர் பாங். ஊருக்கு அவர் வாத்தியார். மலைப்பக்கத்து ஆள். வெள்ளைப் பட்டுச் சட்டை, தொளதொள கை, பித்தளைத் திசைக்காட்டி, தோளில் மாட்டிய கரோக்கே ஒலிபெருக்கி. மண்ணுக்குள் ஆறடி ஆழம் வரை அவர் கண் போகுமாம். முன்னோர் எலும்பை மரவேர் சுற்றினால் அந்த நோய் சந்ததியில் இறங்குமாம். பேச்சு வராத பிள்ளையா? முன்னோர் தாடையில் வேர். கையை உதறிக்கொண்டே இருக்கிற பிள்ளையா? மணிக்கட்டில் வேர். ஒரு மீனவர் மூன்று மாசமாகக் கடலுக்குப் போகாமல் படுத்தே கிடந்தார். அவருடைய தாத்தாவுக்கு எங்கே வேர் என்பதை வாத்தியார் மைக்கில் சொல்லக் கூச்சப்பட்டு, தன் இடுப்புக்குக் கீழே தட்டிக் காட்டினார்.

கல்லறை மேடு திருவிழாவானது. கரும்புச்சாறு வண்டி வந்தது. பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு வந்தது. உயிரோடு இருந்தபோது கஞ்சி ஊற்றாத மாமனாரின் கல்லறைக்குக் குடை பிடித்துக்கொண்டு ஒரு மருமகள் தன் முறைக்காக நின்றாள். "நாங்க ஒன்பதாவது தாத்தா, நீங்க எத்தனையாவது தாத்தா?" என்று ஜனங்கள் விசாரித்துக்கொண்டார்கள்.

வாத்தியாரின் முறை எளிமையானது. எலும்பு வெயிலைப் பார்க்கக் கூடாதென்று கை நுழையும் அளவுக்குத்தான் குழி வெட்டச் சொல்வார். குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டுத் துழாவுவார். உறுமுவார். ஒரு வேரை இழுத்துக்கொண்டு எழுந்திருப்பார். அதைச் சிவப்புத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்.

மாமியார் அவரிடம் போனாள். காணிக்கையைக் கையில் வாங்கியதுமே, "தப்பு உங்க பக்கம் இல்லம்மா, மருமக பக்கம்" என்றார். காணிக்கை கொடுப்பவர் பக்கம் வேர் புகுந்ததாக இதுவரை சரித்திரமே இல்லை.

அதோடு விட்டிருந்தால் லுவா சும்மா இருந்திருப்பாள். "வேரை எடுத்த பிறகு மூணு வருஷம் பிள்ளை கடலைத் தாண்டக் கூடாது, தாண்டினா வேர் திரும்ப முளைக்கும்" என்றும் சொல்லிவிட்டார்.

அங்கேதான் லுவாவால் சும்மா இருக்க முடியவில்லை. தெப்பைச் சேர்த்திருந்த பயிற்சி வகுப்பு அக்கரையில் இருந்தது. வாரம் இரண்டு நாள் படகு. இத்தனை வருஷமாகத் தண்ணீர் வேண்டுமென்றால் தலையைச் சுவரில் முட்டிய பிள்ளை, ஏழே வாரத்தில் தண்ணீர்ப் படம் போட்ட அட்டையை எடுத்துக் கையில் கொடுக்கக் கற்றிருந்தாள். கழுத்தில் தொங்கும் சின்னப் பையில் இப்போது பதினோரு அட்டைகள் இருந்தன. அவளுடைய பேச்சு மொத்தமும் அந்தப் பைதான். நாளைக் காலைப் படகு போக வேண்டும். மாமியார் படகுக்காரனிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். கணவன் துங் கணவாய் மீன் பிடிக்கக் கடலுக்குப் போய் இரண்டு மாசம். அவன் திரும்புவதற்குள் தெப் அட்டைகளை மறந்தே போவாள்.

லுவா பூண்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"சரிம்மா. எங்க வீட்டுக் கல்லறையையே தோண்டட்டும். இன்னிக்கே. எங்க தாத்தா கல்லறையில ஆரம்பிக்கட்டும்."

"ஏய், உன் தாத்தாவுக்கு ஏதுடி..." என்று வாயைத் திறந்த லானின் தொடையில் மகள் ஒரு கிள்ளு கிள்ளினாள். லான் வாயை மூடிக்கொண்டாள்.

"ஒரே ஒரு நிபந்தனை. வாத்தியார் முதல்ல உள்ள என்ன தெரியுதுன்னு மைக்குல சொல்லணும். அப்புறம் கையை விடட்டும். ரெண்டும் பொருந்திட்டா, நான் மூணு வருஷம் இல்ல, முப்பது வருஷம் பிள்ளையைப் படகேத்த மாட்டேன்."

"பொருந்தலைன்னா?"

"நாளைக்குப் படகுல நீங்களும் கூட வரணும்."

"வர்றேன்டி. எனக்கென்ன பயம்!"

மத்தியானம் கல்லறை மேட்டில் பாதித் தீவு கூடியிருந்தது. லுவா ஊதுபத்தி ஏற்றி, "மன்னிச்சுக்கோ தாத்தா, ஒரு ஆளைப் பிடிக்க வேண்டியிருக்கு" என்று முணுமுணுத்தாள். வாத்தியார் பாங் திசைக்காட்டியை மூன்று தரம் சுற்றினார். கண்ணை மூடினார். ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது.

"தெரியுது... தெரியுது! தலை வடக்கே. வாய் திறந்திருக்கு. மேல் வரிசையில பதினாறு பல்லு முழுசா இருக்கு. கீழே ரெண்டு கடவாய்ப் பல்லு சொத்தை."

"ஐயோ, சொத்தைப் பல்லு!" என்று கூட்டம் உருகியது.

"தாழை வேர் இடது காதுல புகுந்து, தாடையைச் சுத்தி, நாக்கு இருந்த இடத்துல முடிச்சு போட்டிருக்கு! கொள்ளுப்பேத்திக்கு எங்கேருந்து பேச்சு வரும்?"

"எப்படிச் செத்தாருன்னு தெரியுதா வாத்தியாரே?" என்று லுவா கேட்டாள்.

"தெரியாம என்னம்மா? கடும் காய்ச்சல். சொந்தக் கட்டில்ல, மகன் மடியில. கடைசியா இளநி கேட்டாரு."

முன்வரிசையில் ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சரி, இப்போது ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், புயலுக்கு மறுநாள், லுவாவின் தாத்தாவுடைய படகு ஆளில்லாமல் கரை ஒதுங்கியபோது கரையில் நின்று பார்த்தவள் இதே பாட்டிதான். அவர் உடம்பு கிடைக்கவே இல்லை. அங்கே கூடியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு, முய்க்கும்கூட, அது தெரியும். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு அந்தத் தீவில் காற்றுக் கல்லறை கட்டுவார்கள். மல்பெரிக் குச்சிகளை எலும்பாகக் கட்டி, களிமண்ணைச் சதையாக அப்பி, பொம்மை செய்து, சட்டை போட்டு, அழுது புதைப்பார்கள். இந்தக் கல்லறைக்குள்ளும் இருப்பது பொம்மை. ஊரே சேர்ந்து புதைத்த பொம்மை. அதன் சொத்தைப் பல்லுக்குத்தான் ஊரே இப்போது உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தது. மைக்கில் சொன்னால் போதும், நம் ஜனங்கள் தாங்கள் கண்ணால் பார்த்ததையே காறித் துப்பிவிட்டு வந்துவிடுவார்கள்.

குழி வெட்டியாயிற்று. வாத்தியார் படுத்தார். கையை விட்டார். உறுமினார். பல்லைக் கடித்து இழுத்தார். உள்ளே மடக்கென்று ஏதோ ஒடிந்தது.

"வேர்!" மண் ஒட்டிய ஒரு குச்சியை வானத்துக்குத் தூக்கினார். "பார்த்துக்குங்க, வேர்!"

கூட்டம் கைதட்டியது. மாமியார் மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். லுவா மாமனார் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அது என்னன்னு நீங்க சொல்லுங்க."

புவாங் யாரையும் பார்க்கவில்லை. அவர் யாரையும் பார்ப்பவரல்ல. குச்சியை மட்டும் பார்த்தார்.

"அது வேர் இல்ல. அது கை."

"என்னது?"

"வலது கை. முழங்கைக்குக் கீழே. மல்பெரிக் குச்சி. நான்தான் கட்டினேன். என் முடிச்சு தெரியுது." கொஞ்சம் யோசித்தார். "பல்லு வைக்கல. களிமண்ணுல வாய்க்குக் கோடு மட்டும்தான் போட்டேன். இடது பக்கம் பன்னெண்டு விலா. வலது பக்கம் பதினொண்ணு. குச்சி பத்தல. முப்பத்தஞ்சு வருஷமா அந்த ஒண்ணு எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு."

கண்ணைத் துடைத்த பாட்டிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அட ஆமா! அவன் கடல்ல இல்ல போனான்! நான் எதுக்குடா இளநிக்கு அழுதேன்?"

வாத்தியார் லேசில் விடுவாரா? "பொம்மையா இருந்தா என்ன? ஆவிக்குப் பல்லு இருக்கு! ஆவிக்குள்ளயும் வேர் போகும்!" இரண்டு பேர் தலையாட்டக்கூடத் தொடங்கிவிட்டார்கள்.

"சிவப்புத் துணி வேர் எல்லாம் ஒரே நீளம்" என்றார் புவாங், அதே குரலில். "பதினாலு வீட்டுல அளந்தேன். ஒரு சாண் நாலு விரல். பதினாலும்."

"யோவ்! இதை ஏன்யா முன்னாடியே சொல்லல?" என்று முய் கத்தினாள்.

"யாரும் கேக்கல."

படுத்தே கிடந்த மீனவரையும் பாயோடு அங்கே தூக்கி வந்திருந்தார்கள். அவர், மூன்று மாசத்தில் முதல் தடவையாக, துள்ளி எழுந்தார். வாத்தியாரின் தொளதொள சட்டைக் கையைப் பிடித்து உதறினார். உள்ளேயிருந்து மூன்று வேர்கள் விழுந்தன. ஒரு சாண் நாலு விரல். வெட்டிய இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை. அடுத்த மூன்று தாத்தாக்களுக்கு.

அந்த அமளியில் தெப் கூட்டத்துக்குள் நடந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாத்தியார் முன்னால் போய் நின்றாள். ஒரு கையை எடுத்துப் பைக்குள் விட்டாள். ஒரு அட்டையை எடுத்து அவர் கையில் வைத்து அழுத்தினாள். சிவப்புக் குறுக்குக்கோடு போட்ட அட்டை. வகுப்பில் அதற்குப் பெயர் 'போதும்'.

வாத்தியார் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "என்ன இது?"

"பேசறா" என்றாள் லுவா. "என் பொண்ணு பேசறா. உங்களைத்தான் போதும்கிறா."

முய் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேத்தி இதுவரை அவளிடம் ஒரு அட்டையும் கொடுத்ததில்லை. வாங்கிக்கொள்ள முய்யும் கை நீட்டியதில்லை.

வாத்தியார் திசைக்காட்டியை விட்டுவிட்டு ஓடினார். பித்தளைத் திசைக்காட்டியால் ஓடிய திசையைக்கூடச் சொல்ல முடியவில்லை. ஒடிந்த கையை புவாங் திரும்பக் கட்டினார். பன்னிரண்டாவது விலாவையும் சேர்த்துவிட்டுத்தான் குழியை மூடவிட்டார்.

சாயங்காலம் முற்றத்தில் பழையபடி பூண்டு. தாத்தாவும் பேத்தியும் வரிசை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பூண்டு இடம் மாறியிருந்தது. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் அதை எடுக்கப் போயின. முய் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"லுவா."

"சொல்லுங்கம்மா."

"கல்யாணத்தன்னிக்கு இவரு என் மூஞ்சியைப் பார்க்கவே இல்லடி. நாப்பது வருஷமா வெக்கம்னு நெனச்சிட்டு இருக்கேன்." பூண்டு வரிசையைக் கை காட்டினாள். "டாக்டர் ஓடும்னாரே... இதைத்தான் சொன்னாரா?"

"இருக்கலாம்மா, இல்லாமலும் இருக்கலாம். அப்படியே இருந்தாலும் அப்பா மேல என்ன தப்பு? இன்னிக்கு ஊர்ல உண்மை பேசினது அவரு ஒருத்தர்தான்."

முய் எழுந்து படகுக்காரனுக்குப் போன் போட்டாள். "நாளைக்கு மூணு டிக்கெட்டு." வைத்துவிட்டு, மருமகள் காதருகே குனிந்தாள்.

"சம்பந்திகிட்ட மட்டும் சொல்லிடாதே."

இதைப் படிக்கிறவர்களே, பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையென்றால் செத்தவர் வாயைத் துழாவுகிறவன் கெட்டிக்காரன் இல்லை. அவனுக்கு நாற்காலி போடுகிற நாம்தான் இன்னும் யோசிக்க ஆரம்பிக்காதவர்கள். உங்கள் ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு யார், என்ன காரணம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்? அவர்களைக் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி என்ன? கீழே எழுதுங்கள். பிள்ளையைப் படகேற்றலாமா வேண்டாமா என்று இன்னும் தயங்குகிற ஒரு தாய் அதைப் படிப்பாள்.