போன் பூஜையில் இருக்கிறது

கொதிகலன்களின் கோமானும் என் ஒரே தங்கையின் ஒரே கணவருமாகிய மாப்பிள்ளை அவர்களின் மேலான சமூகத்துக்கு, தங்கள் இரு புதல்விகளின் மாமன் ('னர்' என்று சேர்த்துப் படித்தாலும் ஆட்சேபணை இல்லை) எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். என் மூக்கு மட்டும் நலமில்லை.

நேற்றிலிருந்து முந்நூறு தடவையாவது அழைத்திருப்பீர்கள். யாரும் எடுக்கவில்லையே, வீடு பூமிக்குள் போய்விட்டதோ என்று பயந்திருப்பீர்கள். பயம் வேண்டாம். போன் பூஜையில் இருக்கிறது. தங்கச்சி போன், என் போன் இரண்டும். பேனாக்களும் அங்கேதான், ஆகவே இந்தக் கடிதம் உங்கள் மனைவியின் புருவப் பென்சிலால் எழுதப்படுகிறது. என் மூக்குக்கண்ணாடியும் அங்கேதான், ஆகவே ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் அளவில் இருக்கும். பொறுத்தருள்க.

நடந்தது இதுதான். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் அடுக்க உட்கார்ந்தோம். எட்டே வயதான தங்கள் மூத்த மகள், நான் கலெக்டர் என்று அழைக்கும் அந்த அம்மையார், விசாரணையை ஆரம்பித்தார். "மாமா, எத்தனை நாள் படிக்கக் கூடாது?" "எங்க பக்கம் ஒரே நாள்தாம்மா. மறுநாள் காலையில புத்தகத்தை எடுத்து நாலு வரி படிச்சா ஆச்சு." "அப்பா பக்கம்?" "அவங்க தாராளம். மூணாம் நாள் காலையிலதான் எடுப்பாங்க." "அப்ப நாங்க அப்பா பக்கம்." நாலரை வயதுச் சின்னவள் யோசித்துவிட்டு, "நான் பத்து நாள் பக்கம்" என்றாள். அப்படி ஒரு பக்கம் உலகத்தில் எங்கேயும் இல்லை என்று அவளுக்கு விளக்க நான் பட்ட பாட்டில் ஒரு ராஜ்ஜியத்தையே பிடித்திருக்கலாம்.

கணக்குப் புத்தகம் முதலில் போனது, எல்லாவற்றுக்கும் அடியில், யானை வந்தாலும் இழுக்க முடியாத ஆழத்தில். சின்னவள் ஓடிப்போய்ப் பல் துலக்கும் பிரஷ்ஷையும் இருமல் மருந்தையும் கொண்டுவந்து வைத்தாள். "சரஸ்வதிக்கு எதுக்குடி இருமல் மருந்து?" என்றால், "இருமல் வரலாமில்ல?" என்கிறாள். அதற்குள் கலெக்டர் வேறு காரியத்தில் இறங்கிவிட்டார். தங்கச்சியின் கத்தரிக்கோல் போயிற்று, இஞ்சு டேப் போயிற்று, ஸ்கூட்டர் சாவி போயிற்று, போன்கள் போயின. "கும்பிடுங்க மாமா, நல்லாக் குனிஞ்சு கும்பிடுங்க" என்றார். பக்தியோடு குனிந்தேன். கண்ணாடியைக் கழற்றி, இரண்டு சில்லிலும் ஆளுக்கொரு சந்தனப் பொட்டு வைத்து, மேலே ஒரு பூவும் போட்டாகிவிட்டது.

பிறகு அரசாணை வந்தது: "அப்பா பக்கத்து வழக்கப்படி, வச்ச சாமானை வீட்டுப் பெரியவர் வந்து எடுத்துக் கொடுத்தாத்தான் தொடலாம்." "ஐம்பத்தெட்டு வயசாகுது, நான் பெரியவர் இல்லையாம்மா?" "நீங்க அம்மா பக்கம்." மேல்முறையீட்டுக்கு இடமே இல்லை.

அதன்பின் இந்தக் குடும்பம் அடைந்த வீழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! நான் கதவு என்று நினைத்துச் சுவருக்குள் நுழையப் பார்த்தேன். மூக்கின் கதை அதுதான். மூக்கைத் தடவிக்கொண்டே அச்சகத்துக்குப் போய் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்தினேன். சுற்றமும் நட்பும் சூழ வர வேண்டியவர்கள் குற்றமும் நட்பும் சூழ வரும்படி அச்சாகிவிட்டது. முதலாளி என்னைப் பார்த்த பார்வை கண்ணாடி இல்லாமலே தெளிவாகத் தெரிந்தது. உங்கள் மனைவி தையல் கடையில் அந்த மணப்பெண்ணின் ரவிக்கைக்கே ஜாண் போட்டு அளவெடுத்திருக்கிறாள். சின்னவள் பல் துலக்குவதில்லை; யாராவது கேட்டால் வாயைத் திறந்து காட்டி, "பூஜைல இருக்கு" என்கிறாள்.

இன்று காலை தங்கச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "போதும்டி உன் வழக்கம், கடைக்கு நேரமாச்சு" என்று ஸ்கூட்டர் சாவிக்குக் கையை நீட்டினாள். கலெக்டர் அழவில்லை, கத்தவில்லை. "எடுத்துக்கோம்மா. அப்புறம் ஒவ்வொருத்தரா எடுத்துடுவீங்க. அப்பா வர்றப்ப எடுத்துக் கொடுக்க ஒண்ணுமே இருக்காது" என்றாள். தங்கச்சி நீட்டின கையால் சாவியின் மேல் கிடந்த பூவை மட்டும் நேராக்கி வைத்தாள். வெயிலில் நடந்தேதான் கடைக்குப் போனாள், மாப்பிள்ளை. நானும் கண்ணைத் துடைத்தேன் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி இல்லாததால் நீர் கோத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆகவே தாங்கள் சிரமப்பட வேண்டாம். பாய்லரை விட்டு வர முடியாது, லீவு இல்லை என்று போன வாரமே சொல்லிவிட்டீர்கள். லீவு கிடைக்கிறபோது வாருங்கள். அதுவரை நாங்கள் பார்வையின்றி, சாவியின்றி, பல் துலக்காமல், பரம சந்தோஷமாக இருப்போம். வயதில் மூத்தவன் என்ற ஒரே தகுதியில் ஆசீர்வதிக்கிறேன்: பாய்லரில் ஆவி நிற்கட்டும், அதைக் காப்பவரிடமும் நிற்கட்டும்.

இப்படிக்கு,
பூஜைக்குள் போகாமல் தப்பிய ஒரே பொருள்,
மாமன்

பின்குறிப்பு: மேலே கலெக்டர்மேல் போட்ட பழி அத்தனையும் ரத்து. 'பெரியவர் எடுத்துக் கொடுக்கும் வழக்கமே எங்கள் பக்கத்தில் இல்லையே' என்று இதற்குள் நினைத்திருப்பீர்கள். இல்லைதான். இத்தனை வருஷமும் நீங்கள் எடுத்துக் கொடுத்தது, வீட்டில் முதலில் குளித்து முடிப்பவர் நீங்கள் என்பதால். போன வாரம் நீங்கள் லீவு இல்லை என்று சொல்லிப் போனை வைத்ததும் அவள் நேரே என்னிடம் வந்தாள். "மாமா, அப்பா இல்லாம முடிக்கவே கூடாதுன்னு ஏதாவது வழக்கம் இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நாளைக் காலை மூன்றாம் நாள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரிக்காரர் பக்கத்து வீட்டுக்காரர்தான். சரக்கை இறக்கிவிட்டு இன்றே திரும்புகிறார். முன் சீட் காலியாம். கேட்டுவிட்டேன்.